வலங்கைமானுக்கு ஏன் நாகப்பட்டினம் எம்.பி.? டெல்டாவின் 2008 தொகுதிக் கோடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் சுமார் பத்து கிலோமீட்டர். ஜவுளி, நகை, காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி, ரயில் என்று எதற்கென்றாலும் ஊர் ஜனம் பஸ் ஏறுவது கும்பகோணத்துக்குத்தான். மேற்கே இன்னொரு பக்கத்து ஊர் பாபநாசம். இந்த இரண்டும் மயிலாடுதுறை நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. வலங்கைமான் மட்டும் திருவாரூரையும் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற நாகப்பட்டினத்தின் தொகுதியில். 2004 தேர்தல் வரை இதே ஊர் தஞ்சாவூர் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டது. 2009இல் நாகப்பட்டினத்துக்குப் போட்டது. ஊர் ஒரு அடி நகரவில்லை, ஆறும் இடம் மாறவில்லை. கோடு மட்டும் மாறியது.

"அரசியல்வாதிகள் தங்களுக்குச் சாதகமாக வெட்டிக்கொண்டார்கள்" என்ற பதில் எளிதாக வாயில் வரும். டெல்டாவைப் பொறுத்தவரை கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதைவிடச் சுவாரசியமான பதில் கிடைக்கிறது. 2008இல் வந்த கோடுகளில் பாதியை 1991இலும் 1997இலும் வேறு காரணத்துக்காகப் போட்ட மாவட்டக் கோடுகளே தீர்மானித்துவிட்டன. அடுத்த மறுவரையறை வரும்போதும் இதுவே நடக்கும் என்பதால் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய வரைபடம்

எழுபதுகளில் வரைந்த தொகுதிகள் 1977 தேர்தலிலிருந்து 2006 வரை, முப்பது வருஷம், அப்படியே ஓடின. அவசரநிலைக் காலத்தில் வந்த 42ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1971 மக்கள்தொகையோடு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலம் சீட்டை இழக்கக் கூடாது என்பது அன்றைக்குச் சொன்ன காரணம். தமிழ்நாடு அதற்கு முன்பே ஒரு முறை இழந்திருந்தது. 1962 தேர்தலில் 41 எம்.பி.க்கள். 1967இல் 39.

அந்தப் பழைய வரைபடத்தில் இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்குள் 20 சட்டமன்றத் தொகுதிகள். சீர்காழி, பூம்புகார், மயிலாடுதுறை, குத்தாலம், கும்பகோணம், திருவிடைமருதூர் ஆறும் சேர்ந்து மயிலாடுதுறை எம்.பி. தொகுதி. நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம், மன்னார்குடி சேர்ந்து நாகப்பட்டினம். தஞ்சாவூர், திருவையாறு, ஒரத்தநாடு, திருவோணம், பாபநாசம், வலங்கைமான் சேர்ந்து தஞ்சாவூர். மிச்சமிருந்த பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் புதுக்கோட்டை எம்.பி. தொகுதியில்.

முப்பது வருஷத்தில் தொகுதிக் கோடு அசையவில்லை என்றாலும் கீழே மாவட்டக் கோடு அசைந்துகொண்டே இருந்தது. 1991இல் ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் பிரிந்தது. புது மாவட்டத்துக்குப் பரப்பு போதாது என்றோ என்னவோ, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த வலங்கைமான் வட்டத்தையும் திருவாரூரோடு சேர்த்தார்கள். கலெக்டர் ஆபீஸ் மாறியது, ரேஷன் கார்டில் மாவட்டத்தின் பெயர் மாறியது, அவ்வளவுதான் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். ஏனென்றால் எம்.பி. தஞ்சாவூர்க்காரராகவே இருந்தார்.

வகுத்தல் கணக்கு

2002 மறுவரையறைச் சட்டத்தின் கீழ் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. 84ஆவது திருத்தம் மாநிலங்களுக்கு இடையே சீட் எண்ணிக்கையைத் தொடாதே என்றது. 87ஆவது திருத்தம் மாநிலத்துக்கு உள்ளே 2001 கணக்கெடுப்பை வைத்து வரையலாம் என்றது. ஆகவே தமிழ்நாட்டுக்கு 39ம் 234ம் மாறாது, ஆனால் உள்ளே யாருக்கு எத்தனை என்பது மாறும்.

2001இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 2,66,691 பேர். 39ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு 16,00,146 பேர்.

ஆணையம் முதலில் பார்த்தது மாவட்டத்தை. சட்டமன்றத் தொகுதி ஒரு மாவட்டத்துக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது அதன் வேலை விதி. ஆகவே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எத்தனை சீட் என்பது முதல் கணக்கு.

தஞ்சாவூர் மாவட்டம் 22,16,138 பேர். சராசரியால் வகுத்தால் 8.31. சரி, 8. நாகப்பட்டினம் 14,88,839 பேர். 5.58 வருகிறது, மேலே ஏற்றி 6. திருவாரூர் 11,69,474 பேர். 4.39, கீழே இறக்கி 4.

முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் 9, திருவாரூரில் 5, நாகையில் 6. இப்போது 8, 4, 6. டெல்டா இரண்டு எம்.எல்.ஏ.க்களை இழந்தது. திருவோணம், வலங்கைமான், குத்தாலம் என்ற மூன்று பெயர்கள் பட்டியலிலிருந்து போயின. கீழ்வேளூர் என்று ஒன்று புதிதாக வந்தது. போன சீட்டுகள் எங்கே முளைத்தன என்று தேடினால் மாதவரம், ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல், சோழிங்கநல்லூர் என்று சென்னையைச் சுற்றிப் புதிய பெயர்களாக வரிசை கட்டி நிற்கும். டெல்டாவில் பிறந்து அங்கே போய் வீடு கட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வடமாநிலங்கள் பெருகுகின்றன, தென்மாநிலங்கள் கட்டுப்படுத்தின, அதற்காக எங்கள் சீட்டைக் குறைப்பீர்களா என்று இன்றைக்குச் சென்னையில் கேட்கிறோம். அதே வகுத்தல் கணக்கு 2008இல் சென்னைக்கும் டெல்டாவுக்கும் நடுவில் நடந்தது. நெல் விளைவதற்குச் சீட் கிடையாது, தலைக்குத்தான் சீட்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்ணும் சும்மா இல்லை. 5.58ஐ ஏற்றியதாலும் 4.39ஐ இறக்கியதாலும் நாகை மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக 2,48,140 பேர், பக்கத்துத் திருவாரூரில் 2,92,369 பேர். வித்தியாசம் 44,000க்கு மேல். சராசரியிலிருந்து பத்து சதவீதம் வரை கூடலாம் குறையலாம் என்று ஆணையம் வைத்திருந்த வரம்பில் திருவாரூர் 9.6 சதவீதத்தில், விளிம்பிலேயே நிற்கிறது. வலங்கைமான் வட்டம் 1997இல் தஞ்சாவூரிலேயே தங்கியிருந்தால் இந்த நெருக்கடியே இல்லை.

மாவட்ட விதி வலங்கைமானை மாட்டிவிட்டது இங்கேதான். பழைய வலங்கைமான் தொகுதி கலைந்த பிறகு இந்த ஊரைப் பாபநாசத்தோடோ கும்பகோணத்தோடோ சேர்க்க முடியாது. அவை தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூர் மாவட்டத்துக்குள் பக்கத்தில் இருக்கிற தொகுதிகளில் ஆணையம் எடுத்தது நன்னிலம். ஆகவே வலங்கைமான் நன்னிலத்துக்குள் போனது. நன்னிலம் நாகப்பட்டினத்தில் இருந்ததால் வலங்கைமானும் நாகப்பட்டினம் போனது. 1997இல் நடைமுறைக்கு வந்த ஒரு மாவட்டப் பிரிவினை 2009இல் எம்.பி.யை மாற்றியது. வெள்ளி நாக்குக்காரர் என்று பெயரெடுத்து பிரிட்டிஷ் காலத்து இம்பீரியல் சட்டமன்றத்தில் முழங்கிய சீனிவாச சாஸ்திரியின் ஊர் இது. அவர் இருந்திருந்தால் இதற்காகவும் ஒரு பிரமாதமான ஆங்கில உரை கிடைத்திருக்கும்.

ஆறு ஆறாகப் பிரித்த கதை

இப்போது 18 சட்டமன்றத் தொகுதிகள், வரிசை எண் 160 சீர்காழியிலிருந்து 177 பேராவூரணி வரை. ஒரு எம்.பி.க்கு ஆறு என்றால் மூன்று எம்.பி. தொகுதிகள். மூன்று மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகை 48,74,451. மூன்றால் வகுத்தால் 16,24,817. மாநிலச் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறது. சரியாகப் பொருந்துகிறதே என்று நினைத்தால், நிலத்தில் பொருந்தாது.

காரணம் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் உருவம். அது ஒரே துண்டாக இருக்கவில்லை. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி. தெற்கே நாகை, கீழ்வேளூர், வேதாரண்யம். நடுவில் புதுச்சேரியின் காரைக்கால், அதற்கு மேற்கே திருவாரூர் மாவட்டம். சீர்காழிக்காரர் தன் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். வழியில் காரைக்கால் கடைகளில் வண்டி நின்று புறப்படுவது தனிக் கதை. அந்தக் காரைக்காலும் டெல்டாதான். அரசலாறு அங்கேதான் கடலில் சேருகிறது, காவிரித் தீர்ப்பில் அதற்கென்று பங்கும் உண்டு. ஆனால் அதன் எம்.பி. புதுச்சேரி எம்.பி.

வடக்குத் துண்டின் மூன்று தொகுதிகளுக்கு இன்னும் மூன்று கூட்டாளிகள் வேண்டும். காவிரியை ஒட்டி மேற்கே நகர்ந்தால் திருவிடைமருதூர், கும்பகோணம். இரண்டும் ஏற்கெனவே மயிலாடுதுறையோடு இருந்தவை. குத்தாலம் போனதால் ஆறாவது இடம் காலி. அதற்கு ஆணையம் எடுத்தது பாபநாசம்.

பாபநாசம் போனதும் தஞ்சாவூர் மாவட்டத்தில் திருவையாறு, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று ஐந்து மிச்சம். ஒன்று குறைகிறது. அந்தப் பக்கம் நாகையின் தெற்குத் துண்டில் மூன்று, திருவாரூரில் நான்கு, ஆக ஏழு. ஒன்று அதிகம். ஏழிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஐந்தோடு சேர்க்க வேண்டும். ஒரத்தநாட்டை ஒட்டி இருப்பது மன்னார்குடி. மன்னார்குடி தஞ்சாவூருக்குப் போனது.

அன்றிலிருந்து மன்னார்குடிக்காரருக்குக் கலெக்டர் திருவாரூரில், எம்.பி. தஞ்சாவூரில். நாடாளுமன்றத் தேர்தலில் தேர்தல் நடத்தும் அதிகாரி தஞ்சாவூர் கலெக்டர். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. அதற்கு ஒரு மாவட்டத்தைத் தலைமை மாவட்டமாக எம்.பி. தேர்ந்தெடுத்துக்கொள்வார். மற்ற மாவட்டத்து வேலைக்கான கடிதம் அந்த வழியாகச் சுற்றி வரும். இது பெரிய அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பஸ் நிழற்குடைக்கோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ அலைகிறவருக்கு மட்டும் இதன் நீளம் தெரியும்.

இன்னொரு வழி இருந்தது

வரைபடத்தை எடுத்துவைத்து ஒரு மாற்றுப் போட்டுப் பார்க்கலாம். மயிலாடுதுறையின் ஆறாவது இடத்துக்குப் பாபநாசத்துக்குப் பதிலாக நன்னிலம். நன்னிலம் தொகுதி வடக்கே மயிலாடுதுறைப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பேரளம் அதில் வருகிற ஊர், மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. குடவாசல் பக்கம் நாச்சியார்கோவிலையும் கும்பகோணத்தையும் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே தொடர்ச்சி உடையாது.

அப்படிச் செய்தால் பாபநாசம் பழையபடி தஞ்சாவூரோடு இருக்கும். தஞ்சாவூர் எம்.பி. தொகுதியின் ஆறும் ஒரே மாவட்டத்தில் அமையும். மன்னார்குடி பழையபடி நாகப்பட்டினத்தோடு இருக்கும், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, நாகை, கீழ்வேளூர், வேதாரண்யத்தோடு சேர்ந்து ஆறு. இடம் மாறுவது நன்னிலம் ஒன்றுதான். வலங்கைமானும் நன்னிலத்துக்குள் இருந்தபடியே கும்பகோணத்தோடு ஒரே எம்.பி.யின் கீழ் வந்துவிடும்.

குறை இல்லாமலில்லை. மயிலாடுதுறை எம்.பி. தொகுதி மூன்று மாவட்டங்களில் கால் வைக்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால், நடைமுறைக்கு வந்த வரைபடத்தில் மூன்று எம்.பி. தொகுதிகளும் ஆளுக்கு இரண்டு மாவட்டம். மாற்றில் ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. கூட்டினால் இரண்டிலும் ஆறுதான். இடஒதுக்கீட்டுக்கும் இது முரண்டு பிடிக்காது, ஏனென்றால் மன்னார்குடி உள்ளே இருந்த பழைய நாகப்பட்டினமும் தனித்தொகுதிதான். என் கணிப்பில் மாற்று வரைபடமே மேல். சட்டம் சொல்கிற நிலவியல், போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி மூன்றும் அதன் பக்கம் இருக்கின்றன.

தண்ணீர் எந்தக் கோட்டில் ஓடுகிறது

டெல்டாவில் இயற்கையான எல்லை என்று ஏதாவது இருந்தால் அது பாசனப் பிரிவுதான். கல்லணையில் வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மூன்றாகப் பிரிகிறது. வெள்ளம் அதிகமானால் கொள்ளிடம். மேட்டூர் ஜூன் 12இல் திறந்ததா இல்லையா என்பதிலிருந்து குறுவை பேச்சு ஆரம்பிக்கும். அப்புறம் கல்லணை எப்போது, நம் வாய்க்காலுக்கு முறை எப்போது என்று போகும்.

இந்த மூன்று பிரிவையும் 2008 வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மயிலாடுதுறை எம்.பி. தொகுதி பெரும்பாலும் காவிரிப் பாசனம். நாகப்பட்டினத்தில் வெண்ணாற்றுக் கடைமடை நிறைய. தஞ்சாவூர் தொகுதிக்குள் கல்லணைக் கால்வாய். இந்தக் கடைசிப் பொருத்தம் பழைய வரைபடத்தில் கிடையாது. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த இந்தக் கால்வாயை ஊரில் இன்னும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். முன்பு தலைப்பும் நடுப்பகுதியும் தஞ்சாவூர் எம்.பி.யிடம், பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் புதுக்கோட்டை எம்.பி.யிடம். 2008க்குப் பிறகு இரண்டும் தஞ்சாவூரோடு வந்துவிட்டன. யாரும் தண்ணீரை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. புதுக்கோட்டை எம்.பி. தொகுதியே கலைந்ததால் அவை வந்து சேர்ந்தன. கால்வாயின் கடைசி மூச்சு அறந்தாங்கிப் பக்கம் போகிறது. அறந்தாங்கி ராமநாதபுரம் எம்.பி. தொகுதி.

பொருத்தம் கிழிகிற இடங்களும் உண்டு. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு பிரிகிறது. அங்கே ஷட்டரைப் பார்த்தபடி நின்றால் ஒரு பக்கம் பாமணியாறு, ஒரு பக்கம் கோரையாறு, நடுவே வெண்ணாறு. பாமணியாறு மன்னார்குடிக்குப் போகிறது, அதாவது தஞ்சாவூர் தொகுதி. கோரையாறு திருத்துறைப்பூண்டிப் பக்கம் இறங்குகிறது, அதாவது நாகப்பட்டினம் தொகுதி. வறண்ட வருஷத்தில் இந்த மூன்றுக்கும் எவ்வளவு எவ்வளவு என்பதுதான் சண்டை. ஷட்டரை எத்தனை அடி தூக்குவது என்பது நீர்வளத் துறை கையில் இருக்கிறது, எம்.பி. கையில் இல்லை. ஆனால் காவிரி மேலாண்மை ஆணையம், ரயில் பாதை, மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று டெல்லியில் முடிவாகிற விஷயங்கள் வரும்போது எந்த எம்.பி. வாய் திறப்பது என்ற கேள்வி எழும்.

வலங்கைமானுக்கு வரும் குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளி தஞ்சாவூர் எம்.பி. தொகுதி. வழியில் பாபநாசம் பகுதி மயிலாடுதுறை எம்.பி. தொகுதி. வலங்கைமான் நாகப்பட்டினம் எம்.பி. தொகுதி. ஒரே ஆற்றுக்கு மூன்று எம்.பி.

புதுக்கோட்டைக்கு நடந்ததை நினைத்தால் டெல்டாக்காரர் வாயை மூடிக்கொள்வதே மரியாதை. அந்த மாவட்டத்துக்கு எம்.பி. தொகுதியே இல்லாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஆறு சட்டமன்றத் தொகுதி, நான்கு எம்.பி., ஒருவரின் தொகுதிப் பெயரிலும் புதுக்கோட்டை கிடையாது. 2009 தேர்தலில் அங்கே, யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ போடச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பனை எதிர்த்து விவசாயிகள் உட்கார்ந்தபோது, சட்டப்படி அவர்களின் எம்.பி. சிவகங்கைக்காரர்.

தனியும் பொதுவும்

இடஒதுக்கீட்டில் நடந்த மாற்றம் டெல்டாவில் பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டியது. ஓரளவுக்குத்தான் பேசப்பட்டது.

பழைய வரைபடத்தில் சீர்காழி, திருவாரூர், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி தனித்தொகுதிகள். புதிய விதிப்படி முதலில் மாவட்டத்துக்கு எத்தனை தனித்தொகுதி என்று பட்டியல் சாதி மக்கள்தொகை விகிதத்தில் கணக்கிடுகிறார்கள், பிறகு மாவட்டத்துக்குள் விகிதம் அதிகமாக உள்ள தொகுதிக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதில் திருவாரூர் மாவட்டத்துக்குத் திருத்துறைப்பூண்டி, நாகைக்குச் சீர்காழியும் கீழ்வேளூரும், தஞ்சாவூருக்குத் திருவிடைமருதூர். எம்.பி. தொகுதிகளில் நாகப்பட்டினம் தனியாகவே நீடித்தது. மாநிலத்தின் ஏழு தனித்தொகுதிகளில் அது ஒன்று.

திருவாரூர் பொதுத்தொகுதியானதன் உடனடி விளைவு ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடம் படித்த ஊரில் அதுவரை நிற்க முடியாதிருந்த கருணாநிதி 2011இல் அங்கே நின்று ஜெயித்தார். 2016இல் 68,366 ஓட்டு வித்தியாசம், அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம். அவர் பிறந்த திருக்குவளையோ புதிதாக வந்த கீழ்வேளூர் தனித்தொகுதியில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25இல் 44 கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் கீழ்வேளூர் வட்டம்தான். இந்த ஒரு புதிய கோட்டுக்கு எதிராக என்னிடம் எந்தப் புகாரும் இல்லை.

அடுத்த முறை

84ஆவது திருத்தம் 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை சீட் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதியாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டிருக்கிறது. 39 குறையுமா என்ற வாதம் மேலே நடக்கட்டும். 234 அப்படியே இருந்தால் டெல்டாவுக்கு உள்ளே என்ன ஆகும் என்று 2011 எண்ணை வைத்து ஒரு ஒத்திகை பார்க்கலாம்.

2011இல் தமிழ்நாடு 7,21,47,030. ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரி 3,08,321. தஞ்சாவூர் 24,05,890, அதாவது 7.8. திருவாரூர் 12,64,277, அதாவது 4.1. பழைய நாகை 16,16,450, அதாவது 5.24. மூன்றும் சேர்ந்து 17.15. பதினெட்டுக்குப் பதினேழுதான் தேறுகிறது. பதினேழு ஆறால் வகுபடாது. ஒரு எம்.பி. தொகுதிக்காகக் கொள்ளிடத்துக்கு வடக்கேயோ புதுக்கோட்டைப் பக்கமோ ஒரு துண்டு கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. காரைக்காலைத் தாண்டிக் கலெக்டரைப் பார்க்கிற தொல்லை தீர்ந்தது, நல்ல காரியம். ஆனால் மறுவரையறைக் கணக்கில் இதுவும் ஒரு புதுப் பெட்டி. 2011 எண்படி மயிலாடுதுறை மாவட்டம் சுமார் 9.2 லட்சம், மூன்று தொகுதிக்குக் கச்சிதம். மிச்ச நாகை சுமார் 7 லட்சம், 2.26. கீழே இறக்கினால் இரண்டு. அப்படியானால் நாகை, கீழ்வேளூர், வேதாரண்யத்தில் ஒன்று மறைய வேண்டும். பழைய ஒரே மாவட்டமாக இருந்தாலும் 5.24 ஐந்தாகத்தான் இறங்கும், ஆனால் எந்தப் பக்கம் வெட்டு விழும் என்பது திறந்திருக்கும். இப்போது தெற்கே என்று ஏறக்குறைய எழுதியாகிவிட்டது.

கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கு என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வர வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. அந்த மாவட்டத்தில் வலங்கைமான் சேருமா சேராதா என்பதில் ஒரு எம்.எல்.ஏ. தொகுதியும் ஒரு எம்.பி. தொகுதியும் அடங்கியிருக்கின்றன. ஆணையம் ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு இருக்கிற மாவட்ட, வட்ட எல்லையை வைத்தே வரையும். அந்தத் தேதிக்கு மறுநாள் வருகிற மாவட்டத்தால் பிரயோஜனம் கிடையாது.

கோடு வந்தபிறகு நீதிமன்றத்துக்குப் போவதும் கடினம். அரசியல் சாசனத்தின் 329ஆவது பிரிவு அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இருக்கிற ஒரே சந்தர்ப்பம் வரைவு அரசிதழில் வெளியாகி ஆட்சேபனை கேட்கிற அந்தச் சில வாரங்கள்.

2008 ஆணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் வரைபடம் கண்ணில் நிற்காது. வட்டத்தின் பெயர், பிறகு "பகுதி" என்ற சொல், பிறகு காற்புள்ளி போட்டுப் போட்டு வருவாய் கிராமங்களின் பெயர்கள், கடைசியில் பேரூராட்சிகள். வருவாய் கிராமத்தை உடைக்க மாட்டார்கள். ஆட்சேபனையும் அந்த மொழியில் இருந்தால்தான் எடுபடும். "எங்கள் ஊரைக் கும்பகோணத்தோடு சேருங்கள்" என்ற மனு மாவட்ட விதியில் மோதி விழுந்துவிடும். நன்னிலம் தொகுதி மொத்தமும் மயிலாடுதுறைக்கு, பாபநாசம் தஞ்சாவூருக்கு, மன்னார்குடி நாகைக்கு என்று மூன்று இடத்திலும் கணக்கு நேராகிற மாதிரி, மக்கள்தொகை எண்ணோடு கொடுக்க வேண்டும். அதற்கு வலங்கைமானில் எழுதுகிற மனுவில் பாபநாசத்துக்காரரும் மன்னார்குடிக்காரரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.